போல்ட்டில் நிற்கும் கார்: ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை

பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டு வாசலிலேயே நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, துரு நீக்கி, பெயிண்ட் அடித்துப் புதுசாக்குவது பலருக்கு ஒரு பைத்தியம் மாதிரி. முதல்முறையாக இதில் இறங்குபவர் எந்தக் காரை எடுக்கலாம் என்று இங்கிலாந்தில் கேட்டால் அடிக்கடி வரும் பதில், டிரையம்ப் ஹெரால்ட். அதன் இந்தியப் பிறவிதான் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்ட்.

ஏன் அந்தக் கார்? ஒரு ஸ்பானர் செட் இருந்தால் பாதிக் காரைக் கழற்றிவிடலாம். ஆனால் அப்படி வடிவமைத்ததற்குக் காரணம் வீட்டில் வேலை பார்ப்பவர்கள் மேல் வந்த கரிசனம் இல்லை. அது ஒரு வியாபார நெருக்கடி!

கை நழுவிய சப்ளையர்

1950களில் கார் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் புது முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. தனியாக சேசிஸ் கிடையாது. தரை, பக்கவாட்டு, கூரை எல்லாவற்றையும் ஒரே கூடாக வெல்டிங் செய்துவிடுவார்கள். எடை குறையும், உறுதி கூடும். ஆனால் இதற்குப் பெரிய பிரஸ் மெஷின்கள் வேண்டும், பெரிய முதலீடு வேண்டும்.

காவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனி, தன் சின்னக் கார்களின் பாடிக்கு ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற வெளி கம்பெனியை நம்பியிருந்தது. 1953ல் அந்தக் கம்பெனியை பி.எம்.சி. வாங்கிவிட்டது. பி.எம்.சி. யார் தெரியுமா? ஆஸ்டினும் மாரிஸும் 1952ல் இணைந்து உருவான கம்பெனி, அதாவது ஸ்டாண்டர்டின் நேரடிப் போட்டியாளர். போட்டியாளனின் புதுக் காருக்கு யார் பாடி செய்து கொடுப்பார்கள்?

ஸ்டாண்டர்டு ஒரு படி பின்னால் போனது. பழையபடி தனி சேசிஸ். பாடியைச் சின்னச் சின்னப் பாகங்களாக வெவ்வேறு இடங்களில் செய்து, கடைசியில் போல்ட் போட்டு இணைப்பது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். 1959 ஏப்ரலில் 948 சி.சி. எஞ்சினோடு ஹெரால்ட் வெளிவந்தது.

வேறு வழியில்லாமல் செய்ததே பலமாகிப் போனது. முன் மட்கார்டுகளோடு பானட் முழுசாக முன்பக்கம் சாயும், எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். கூரையும் போல்ட்தான். அதனால் ஒரே அடிப்படையில் கூரை திறக்கும் கார், எஸ்டேட், வேன் என்று பல வகை செய்ய முடிந்தது. இங்கிலாந்தில் 1971 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் ஹெரால்ட்கள் தயாராயின.

வண்டலூர் வந்த ஹெரால்ட்

பாகம் பாகமாக வரும் காரை வேறு நாட்டில் பூட்டுவதும் சுலபம்தானே? 1961ல் ஹெரால்ட் இந்தியாவுக்கு வந்தது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் என்று மூன்றே தேர்வுகள் இருந்த காலம் அது. இரண்டு கதவு இந்தியக் குடும்பங்களுக்குப் போதவில்லை என்று, இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை இங்கேயே செய்தார்கள். 1970களில் அதன் தொடர்ச்சியாக கெஸல் வந்தது. 1985ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. 1980களின் முடிவுக்குள் கார் தயாரிப்பே நின்றுபோனது.

வீட்டில் செய்யும்போது

இங்கிலாந்தில் ஹெரால்ட் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் நம் நான்கு கதவு வண்டியின் பின்கதவுக்கு அங்கே உதிரி பாகம் கிடைக்காது, அப்படி ஒரு கார் அங்கே இருந்ததே இல்லையே! துருவைத் தூக்கி எறியாமல் வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டும்.

போல்ட் போட்ட பாடிக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு பாகம் கொஞ்சம் நகர்ந்தாலும் கதவு சரியாக மூடாது. அதனால் எல்லாவற்றையும் ஒரு தடவை பூட்டிப் பார்த்து, இடைவெளிகளைச் சரிசெய்த பிறகே பெயிண்டுக்குப் போக வேண்டும்.

பெயிண்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஆரம்ப காலத்தில் வார்னிஷ் வகைப் பெயிண்ட் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆனது. 1923ல் டூபாண்ட் கம்பெனி டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டைக் கொண்டுவந்தது. சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். நம் ஊர்ப் பட்டறைகளில் 'டூகோ பெயிண்ட்' என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான்.

சீக்கிரம் காய்வதால் தூசி ஒட்டும் நேரம் குறைவு. பெயிண்ட் வழிந்தால் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் செய்யலாம். வீட்டு வேலைக்கு ஏற்றது. ஆனால் எளிதில் தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பே கூடாது. ஈரக்காற்று இருந்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். சென்னையில் மழைக்காலத்தில் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது பட்டறைகளில் பரவலாக இருப்பது ஹார்டனர் கலந்த பி.யூ. பெயிண்ட். பளபளப்பும் உழைப்பும் அதிகம். ஆனால் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. வாசனையை வைத்து ஆபத்தைக் கண்டுபிடிக்க முடியாது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதால் ஒரு பயனும் இல்லை. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாதவர்கள் துரு, பட்டி, பிரைமர் தேய்க்கிற வேலையை வீட்டில் முடித்து, கடைசிப் பூச்சைச் சரியான பெயிண்ட் பூத் உள்ள இடத்தில் கொடுப்பதே நல்லது. ஹெரால்டில் கதவையும் பானட்டையும் தனியாகக் கழற்றி எடுத்துப் போகலாம்!

மிச்சமிருப்பது

2021ல் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய சொந்த வாகனத்துக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிவு செய்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். முக்கியமான நிபந்தனை, சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும்.

அதாவது 'சீக்கிரம் முடியும்' என்று போல்ட் இருந்த இடத்தையெல்லாம் வெல்டிங் அடித்துவிட்டால், அந்தக் காரின் அடையாளமே போய்விடும். அந்த போல்ட்களில்தான் ஒரு கம்பெனி சப்ளையரை இழந்து தட்டுத்தடுமாறி எழுந்த கதை இருக்கிறது. அதைக் கழற்றலாம், துடைக்கலாம், கிரீஸ் போட்டுத் திரும்ப முடுக்கலாம். அழிக்க மட்டும் வேண்டாம்.