மானிப்பாய் மரபும் மாத்தளைத் தேவையும்

உடலுறுப்புகளின் அமைப்பை அவற்றின் இயக்கத்தோடு இணைத்து ஆராய்வது தொழிற்பாட்டு உடற்கூற்றியலாகும். இயன்மருத்துவம் பயில்வோர்க்கு இஃது அடிப்படைப் பாடம். மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவை மலைச்சரிவிலே கொழுந்து பறிக்கும் பெண்ணை நோக்கின் இதன் பயன் புலனாகும். கூடைக் கயிறு தலையிற் பதிய, பாரம் முதுகின் பின்னே தொங்குகின்றது. அதனை ஈடுசெய்ய உடல் முன்சாய்கின்றது. கழுத்துத் தசைகளும் இடுப்புத் தசைகளும் நெடுநேரம் இறுகி நிற்கின்றன. நோவின் காரணம் இதுவே.

இத்தகைய உடலறிவைத் தமிழிற் போதித்த மரபு இலங்கைக்கு உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியை வளர்த்தார். ஆங்கிலங் கற்றோர் அரச உத்தியோகம் நாடிச் செல்வதைக் கண்ட அவர், கிராமத்திலே தங்கிப் பணிபுரியும் வைத்தியரை உருவாக்க விரும்பி, 1860களில் தமிழையே போதனாமொழியாக்கினார். இலண்டனில் 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழுருப் பெற்றது. 1873இல் அவர் தாயகம் திரும்பியபின் அம்முயற்சி தளர்ந்தது.

இன்று நம் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. உலக அறிவைப் பெற அது வேண்டற்பாலதே. ஆயினும், ஏனைய மருத்துவத்தில் மருந்து தானே வேலை செய்யும். இயன்மருத்துவத்திலோ பயிற்சியை நோயாளியே செய்தல் வேண்டும். எத்தசை ஏன் நோகின்றது, எவ்வாறு குனிந்து நிமிர்வது என்பனவற்றைத் தோட்டத் தொழிலாளி தன் மொழியில் உணராவிடின் சிகிச்சை பாதியில் நின்றுவிடும். கற்கும் மொழி எதுவாயினும், அறிவு சென்று சேரவேண்டிய மொழி நோயாளியின் மொழியே. கிறீன் கண்ட தேவை இன்னும் தீர்ந்திலது.