ஆய்வெழுத்தும் ஆங்கிலமும்: ஒரு வரலாற்று நோக்கு

பட்டமேற்படிப்பு மாணவர் ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை எழுத இடர்ப்படுகின்றனர் என்பது நமது பல்கலைக்கழகங்களில் அடிக்கடி கேட்கப்படும் முறைப்பாடு. பெரும்பாலும் இஃது இலக்கணப் பிழைகள் பற்றிய பிரச்சினையாகவே நோக்கப்படுகின்றது. இவ்விடர்ப்பாட்டுக்கு ஒரு சமூக வரலாறு உண்டு. அதனைப் புறக்கணித்துப் பரிகாரம் காணுதல் இயலாது என்பதே நமது கருத்து.

1921இல் நிறுவப்பட்ட கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரும் போதனாமொழி ஆங்கிலமாகவே இருந்தது. ஆங்கிலப் பாடசாலைகளிற் பயின்ற சிறுபான்மையினர் அம்மொழியிற் பயிற்சி பெற்றே பல்கலைக்கழகம் புகுந்தனர். எனவே, அவர்கள் ஆய்வுமுறையை மட்டுமே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960களிற் கலைப்பீடங்களிற் பரவிய சுயமொழிப் போதனையும் இந்நிலையை மாற்றின. விவசாயிகளதும் தொழிலாளரதும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்தமை ஐயத்துக்கிடமற்ற சனநாயக முன்னேற்றமாகும். எனினும், ஆய்வு நூல்களும் ஆய்விதழ்களும் பெருமளவுக்கு ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டன. புதிதாக வந்த மாணவர் ஆய்வுமுறையையும் ஆய்வின் மொழியையும் ஒருங்கே கற்க நேர்ந்தது. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், எனக் குறித்தமை அம்மொழியின் வர்க்கப் பணியை அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தமையைக் காட்டும்.

தமிழியல் ஆய்வின் அனுபவம் இங்கு நமக்கு உதவும். சு. வித்தியானந்தன் பத்துப்பாட்டை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் க. கைலாசபதி நிகழ்த்திய ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. ஆங்கிலப் புலமை மட்டுமே அந்நூலை ஆக்கியதெனக் கொள்ளுதல் பொருந்தாது. கைலாசபதி அதற்கு முன்னரே 'தினகரன்' ஆசிரியராகத் தமிழிற் சிந்தித்தும் விவாதித்தும் பழகியவர். சங்கச் செய்யுள்களைக் கிரேக்கம் முதலான வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு, வாய்மொழி மரபின் அடிப்படையில் விளக்கியமையே நூலின் வலிமை. அவரை நெறிப்படுத்திய தொம்சனும் 1930களின் முற்பகுதியில் அயர்லாந்தின் கோல்வேயிற் கிரேக்கத்தை ஐரிஷ் மொழியிற் போதித்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனவே, மாணவருக்கு உதவுதல் என்பது எழுதி முடித்த கட்டுரையின் வினைமுற்றுகளைத் திருத்திக் கொடுப்பதன்று. தமது வினா யாது, முன்னையோர் கூறியன யாவை, தமது சான்று எதனை நிறுவுகின்றது என்பவற்றை மாணவர் முதலில் தாம் சிந்திக்கும் மொழியில் வரையறுத்தல் வேண்டும். 'திணை' என்பதை நிலக்காட்சியை மட்டும் சுட்டும் ஆங்கிலச் சொல்லாற் பெயர்த்தால் ஒழுக்கம் என்னும் பொருள் மறைந்துவிடும். அதன்மேல் எழுப்பப்படும் வாதமும் பிழைபடும். இத்தகைய தவற்றை ஆங்கில ஆசிரியர் தனித்துக் களைய இயலாது. துறைசார் மேற்பார்வையாளரும் அவரும் ஒருங்கிருந்து, கட்டுரையின் முதல் வரைவிலிருந்தே மாணவரோடு உழைத்தல் வேண்டும். இப்பணியைப் பல்கலைக்கழகம் தன் பொறுப்பாக ஏற்காவிடின், பணங்கொடுத்துத் திருத்துவிக்க வல்லோர் முன்செல்வர், ஏனையோர் பின்தங்குவர்.

ஆங்கிலம் ஏகாதிபத்தியத்தின் மொழியென அதனை ஒதுக்கிவிடுதல் முற்போக்காகாது. அது வசதிபடைத்தோரின் தனியுரிமையை நிலைநிறுத்தவே உதவும். அதேவேளை, ஆங்கிலத்தில் வெளிவருவதே அறிவு எனக் கொள்வதும் அடிமைமனப்பாங்காகும். இலண்டனிலிருந்து மீண்ட வித்தியானந்தன் 1954இல் 'தமிழர் சால்பு' நூலின் வாயிலாகச் சங்ககாலச் சமூகம் பற்றிய ஆய்வைத் தமிழ் வாசகருக்கு அளித்தார். ஆங்கிலத்தில் எழுதப் பயிற்றுவிக்கும் திட்டம் எதுவும், அவ்வாய்வைத் தமிழில் மீண்டும் எழுதும் கடப்பாட்டையும் உடன்கொண்டிருத்தல் வேண்டும். எவரது வரிப்பணத்தில் அவ்வாய்வு நிகழ்ந்ததோ, அம்மக்களுக்கு அதனைப் படிக்கும் உரிமை உண்டு.