அரிவாள் செல் இரத்தசோகை: குழந்தைகளுக்கான மருந்துச் சிகிச்சை

இது பெற்றோர் இருவரிடமிருந்தும் ஹீமோகுளோபின் மரபணுக் குறையைப் பெறும் குழந்தைக்கு வரும் நோய். ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. கடும் வலி, இரத்தசோகை, தொற்று ஆகியவை தொடர்கின்றன. தமிழ்நாட்டில் முதன்மையாக நீலகிரிப் பழங்குடியினரிடையே பதிவாகியுள்ளது.

இந்தியாவில் இதைப் பற்றிய முதல் பதிவுகளுள் ஒன்று நீலகிரியைச் சேர்ந்தது. ஆய்வாளர்கள் லேமன், கட்புஷ் இருவரும் 1952இல் இருளர், குறும்பர் முதலானோரிடம் அரிவாள் செல் பண்பைக் கண்டனர். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் கண்டறியப்பட்டது. இந்தியாவில் காணும் மரபணு வகை ஆப்பிரிக்க வகைகளிலிருந்து வேறுபடுவதால் அது இங்கே தனியே தோன்றியது என்பர் ஒரு சாரார். ஆப்பிரிக்காவே ஒரே மூலம் என்பர் பின்வந்த சிலர். அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் சிகிச்சை என்பது ஃபோலிக் அமில மாத்திரை, வலி மருந்து, இரத்தமேற்றல் என்ற அளவிலேயே இருந்தது.

மருந்துக்கான தடயம் குழந்தைகளிடமே கிடைத்தது. பிறந்த சில மாதங்களுக்கு இந்நோய் தலைகாட்டாததற்குக் கருப்பருவ ஹீமோகுளோபின் காரணமாகலாம் என 1948இல் நியூயார்க் குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் சுட்டினார். தாயின் வயிற்றில் உதவிய ஹீமோகுளோபினைப் பிறந்த பின்னும் உருவாகச் செய்வதே பிற்கால மருந்தின் வேலையாயிற்று. அதற்கு முன்பே பலன் தந்தது எளிய பெனிசிலின். மண்ணீரல் செயலிழப்பதால் நிமோகாக்கஸ் தொற்று இக்குழந்தைகளைச் சில மணி நேரத்தில் பலிகொள்ளக்கூடும். நாளுக்கு இருவேளை வாய்வழிப் பெனிசிலின் அத்தொற்றை 84 விழுக்காடு குறைத்ததாக 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வேறுபாடு அத்தனை தெளிவாக இருந்ததால் ஆய்வு எட்டு மாதம் முன்னதாகவே நிறுத்தப்பட்டது.

கருப்பருவ ஹீமோகுளோபினைக் கூட்டும் அந்த மருந்தான ஹைட்ராக்சியூரியா 1869இலேயே ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட சேர்மம். நெடுங்காலம் கழித்தே இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தானது. 1995 ஆய்வு பெரியவர்களின் வலி நெருக்கடிகளை இது குறைப்பதைக் காட்டியது. 1999இல் பள்ளி வயதினர் மீதான ஆய்வு வெளியானது. 9 முதல் 18 மாதக் குழந்தைகளிடம் நடந்த 2011 ஆய்வில் மண்ணீரல், சிறுநீரகம் பற்றிய முதன்மை இலக்குகள் எட்டப்படவில்லை. எனினும் வலியும், கைகால் விரல்கள் வீங்கும் துன்பமும் குறைந்தன. ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் நடந்த 2019 ஆய்வில் மலேரியாவும் குறைந்தது. வெள்ளணு, தட்டணு எண்ணிக்கை சரியக்கூடும் என்பதால் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை கட்டாயம். நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 10 மி.கி. போதும் என்பது இந்திய மருத்துவர் சிலரின் கருத்து. தாங்கும் உச்ச அளவுவரை உயர்த்தவேண்டும் என்பது மற்றவர் கருத்து. இந்திய வகை மென்மையானது என்ற பழைய முடிவையும் விதர்பப் பகுதி ஆய்வுகள் ஐயத்துக்குள்ளாக்கியுள்ளன.

நீலகிரியில் கோத்தகிரியின் ஆதிவாசி நலச் சங்கமும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பும் நோயாளிகளைக் கண்டறிந்து சிகிச்சையளித்து வருகின்றன. ஹைட்ராக்சியூரியாவின் 500 மி.கி. குளிகையைச் சிறு குழந்தையின் எடைக்கேற்பப் பிரித்துத் தருவது எளிதன்று. மருந்தை நாள்தோறும் தவறாமல் தருவது அதைவிடக் கடினம்.

1 ஜூலை 2023 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 40 வயதுவரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. புதிய மருந்துகளைப் பொறுத்தவரை, இந்நோய்க்கென 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வாக்ஸலோட்டர் என்ற மருந்து 2024இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.