அழைப்பு ஒன்று, பருவங்கள் பல: அண்ணாமலைக் குகையில் வாழ்ந்த ஒரு குருவானவர்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் வாரத்தில் நம் பங்குகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" படிப்பு முடிந்தால் "எங்கே வேலை?" என்பார்கள். வேலை கிடைத்தால் "எப்போது கல்யாணம்?" பிறகு பிள்ளைகள், வீடு, பிள்ளைகளின் படிப்பு. அறுபது வயதில் பணி ஓய்வு விழாவில் ஒரு சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பின் யாரும் எதையும் கேட்பதில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பார்கள்.

இறைவன் என்னை எதற்காகப் படைத்தார் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் இளைஞர்களுக்கு உரியதாகவே வைத்திருக்கிறோம். இறையழைத்தல் முகாம் என்றால் பள்ளி மாணவர்கள்தான் வருகிறார்கள். ஆனால் இந்தக் கேள்வி நாற்பத்தைந்து வயதிலும் எழுகிறது, எழுபது வயதிலும் எழுகிறது. அப்போது அதைக் கேட்பவர் தனியாகவே கேட்டுக்கொள்கிறார். எடுத்த காரியம் தோற்றுப்போன பிறகு கேட்பவருக்கோ அது இன்னும் பாரமாக இருக்கிறது.

வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த திருவண்ணாமலையில் இந்தக் கேள்வியை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். வேலையை விட்டவர்கள், குடும்பப் பொறுப்பை முடித்தவர்கள், வாழ்க்கையில் ஏதோ ஒன்று உடைந்துபோனவர்கள் எனப் பலர் பல நாடுகளிலிருந்தும் இங்கு வந்து தங்குகிறார்கள். பவுர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவர்களில் எத்தனையோ பேர் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறார்கள். இதே மலைக்கு அப்படி வந்தவர்களில் ஒரு கத்தோலிக்கக் குருவும் இருந்தார். நம் மக்களில் பலருக்கு அவரைத் தெரியாது. அவருடைய வாழ்வைப் பருவம் பருவமாகப் பார்ப்பது நமக்கு உதவும்.

மூன்று வகை அழைப்பு

அதற்கு முன் ஒரு விளக்கம். அழைத்தல் என்ற ஒரே சொல்லை நாம் மூன்று பொருளில் பயன்படுத்துகிறோம். முதலாவது, திருமுழுக்கில் எல்லாருக்கும் கிடைக்கும் அழைப்பு. தூய வாழ்வு குருக்களுக்கும் துறவியருக்கும் மட்டும் உரியதல்ல, எல்லா நிலையினருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் ஐந்தாம் அதிகாரம் தெளிவாகக் கூறுகிறது. இரண்டாவது, வாழ்க்கை நிலை: திருமணம், குருத்துவம், துறவறம், தனி வாழ்வு. மூன்றாவது, இந்த வயதில், இந்த ஊரில், இந்த உடல்நிலையில் என்னிடம் கேட்கப்படும் பணி.

முதலாவது மாறாது. இரண்டாவது பெரும்பாலும் ஒருமுறைதான் முடிவாகிறது. மூன்றாவதோ மாறிக்கொண்டே இருக்கும். நமக்கு வரும் துன்பம் பெரும்பாலும், இந்த மூன்றாவதை முதலாவது என்று எண்ணிக்கொள்வதால்தான் வருகிறது. பணி முடிந்ததும் அழைப்பே முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம்.

பதினான்கு ஆண்டு காத்திருப்பு

ஹென்றி லெ சோ 1910 ஆகஸ்ட் 30 அன்று பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியில் கடலோர ஊர் ஒன்றில் பிறந்தார். பத்தொன்பதாம் வயதில், 1929-இல், கெர்கோனான் என்னும் இடத்திலுள்ள புனித அன்னாள் ஆசீர்வாதப்பர் மடத்தில் சேர்ந்தார். 1935-இல் குருவானார். மடத்து நூலகத்தைக் கவனித்துக்கொண்டார். வழிபாட்டு ஒழுங்குகளும் அவர் பொறுப்பில் இருந்தன. நம் ஊர்ப் பார்வையில், "செட்டிலாகிவிட்டார்".

ஆனால் 1934-ஆம் ஆண்டு வாக்கிலேயே இந்தியாவுக்குப் போக வேண்டும் என்ற ஆவல் அவருக்குள் எழுந்துவிட்டது. இங்கு இந்தியத் துறவு மரபில் ஊன்றிய ஓர் ஆசீர்வாதப்பர் வாழ்வைத் தொடங்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். அது நிறைவேறப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. இடையில் உலகப்போர் வந்தது. அவரும் படைக்கு அழைக்கப்பட்டார். அந்த ஆண்டுகளில் அவர் மடத்தை விட்டு ஓடிவிடவில்லை. ஆசையை விட்டுவிடவும் இல்லை. நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே காத்திருந்தார். வேலைக்காகத் தேர்வு எழுதிக் காத்திருக்கும் நம் இளைஞர்களுக்கு இந்தப் பகுதியைத் தனியே சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. காத்திருக்கும் காலத்தை வீணான காலம் என்று வீட்டிலுள்ளவர்களே சொல்லிக் காட்டும்போது பிள்ளைகள் மனம் உடைந்துபோகிறார்கள்.

திருச்சி மறைமாவட்டத்தில் ஏற்கெனவே ஒரு பிரெஞ்சுக் குரு இருந்தார். 1939-இல், நாற்பத்து நான்காம் வயதில், இந்தியா வந்த அருட்தந்தை ஜூல் மோன்சானின் அவர். லெ சோ எழுதிய கடிதம் அவரிடம் சேர்ந்தது. 1948 ஆகஸ்டில் லெ சோ கொழும்பு வழியாகக் குளித்தலை வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது நிறையவிருந்தது. இருவரும் 1950 மார்ச் 21 அன்று, அந்நாளைய திருவழிபாட்டு நாள்காட்டியின்படி புனித ஆசீர்வாதப்பர் திருநாளில், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்று மக்கள் அழைப்பது அதைத்தான். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, குடிசையில் வாழ்ந்தார்கள். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். கிறிஸ்து என்ற சொல்லுக்கு அருள்பொழிவு பெற்றவர் என்பது பொருள். அபிஷிக்தர் என்ற சொல்லிலும் அதே பொருள் இருக்கிறது.

திட்டம் தோற்ற இடம்

ஆசிரமம் தொடங்குமுன்பே, 1949 சனவரியில், மோன்சானின் அவரைத் திருவண்ணாமலைக்கு அழைத்து வந்தார். அப்போது இரமண மகரிஷி உயிரோடிருந்தார். 1896-இல் பதினாறு வயதுச் சிறுவனாக வந்தவர், பிறகு ஊரை விட்டு வெளியேறவே இல்லை. ஏதோ பெரிதாக நிகழும் என்று எதிர்பார்த்து வந்த லெ சோவுக்கு முதலில் ஏமாற்றமே. அதோடு காய்ச்சலும் வந்துவிட்டது. இதையெல்லாம் அவரே பின்னாளில் அருணாசல நினைவுகளைச் சொல்லும் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த முதியவரின் அமைதி அவரை விடவில்லை. மகரிஷி 1950 ஏப்ரல் 14 அன்று காலமானார். 1952 முதல் 1955 வரை அபிஷிக்தானந்தர் மீண்டும் மீண்டும் வந்து இந்த மலையின் குகைகளில் தங்கி மவுனத்தில் செபித்தார். வேலூர் மறைமாவட்டம் உருவானதும் 1952-இல்தான். மறைமாவட்டம் தன் முதல் அடிகளை எடுத்து வைத்த காலத்தில் இந்த மலையில் ஒரு குரு தனியாக அமர்ந்திருந்தார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்துவித அனுபவத்தையும் கிறிஸ்தவ நம்பிக்கையையும் எப்படி ஒன்றாகப் பிடித்துக்கொள்வது என்ற போராட்டம் அவரைக் கடுமையாக வாட்டியது. அவருடைய நாட்குறிப்பு அதற்குச் சாட்சி. உடனிருந்த மோன்சானினே அவருடைய போக்கை முழுவதும் ஏற்கவில்லை. அவருடைய எழுத்துகள் பற்றி இறையியலாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அதைத் தீர்ப்பது நம் நோக்கமல்ல. அவர் இறுதிவரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார் என்பதையும், அந்தப் போராட்டத்தை விட்டு எந்தப் பக்கமும் ஓடிவிடவில்லை என்பதையும் மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

நமக்கு முக்கியமானது வேறொன்று. சாந்திவனத்துக்காக அவர் கண்ட கனவு, இந்தியத் துறவியர் நிறைந்த ஒரு குழுமம். சிலர் வந்து பார்த்தார்கள். நிலைத்துத் தங்கிக் குழுமம் வளரவில்லை. 1957 அக்டோபர் 10 அன்று மோன்சானின் பாரீசில் இறந்தார். அதன்பின் பொறுப்பு முழுவதும் இவர் தலையில் விழுந்தது. பதினான்கு ஆண்டு காத்திருந்து, நாட்டை விட்டு வந்து, கடைசியில் சில குடிசைகளும் ஒரு சிற்றாலயமும். கணக்குப் பார்த்தால் தோல்வி.

இப்படிப்பட்ட கணக்கு நம் வீடுகளிலும் நடக்கிறது. வயலை விற்றுப் படிக்கவைத்த மகன் பெற்றோரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முப்பது ஆண்டு பாடுபட்டு நடத்திய கடையை மூட வேண்டியதாகிறது. மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் கோயில் பக்கமே வருவதில்லை. அப்போது "கடவுள் என்னை இதற்குத்தான் அழைத்தார் என்று நினைத்தேன், நான் ஏமாந்துவிட்டேனோ?" என்று மனம் கேட்கும். அவசரமாக ஆறுதல் சொல்லி அந்தக் கேள்வியை அடக்கிவிடுவது சரியல்ல என்பதே நம் கருத்து.

அபிஷிக்தானந்தர் என்ன செய்தார்? 1960-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். இமயமலையில் உத்தரகாசிக்கு அருகே ஒரு குடிலைக் கட்டிக்கொண்டு ஆண்டில் சில மாதங்கள் அங்கே தங்கினார். கடைசியில் 1968-இல், தம் கையால் தொடங்கிய சாந்திவனத்தை அருட்தந்தை பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கே போய்விட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. தோற்ற இடத்தை இன்னொருவர் கையில் கொடுப்பது எளிதல்ல. நம் பங்குப் பேரவைகளிலும் அன்பியங்களிலும் பதவியை விட்டுக்கொடுக்க நாம் படும் பாட்டை நினைத்துப் பார்த்தாலே போதும்!

பீட் கிரிஃபித்ஸுக்கு அப்போது அறுபத்தொரு வயது. நம் ஊரில் ஓய்வு பெறும் வயது. இரண்டு இளம் துறவியரோடு கேரளத்தின் குரிசுமலையிலிருந்து வந்து சாந்திவனத்தை ஏற்றார். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அங்கு ஒரு குழுமம் வளர்ந்தது. பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்தார்கள். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்று சமாரியாவின் கிணற்றருகே நம் ஆண்டவர் சீடருக்குச் சொன்னதை (யோவான் 4) நாம் மறையுரையில் பலமுறை கேட்டிருக்கிறோம். விதைத்தவர் அதைத் தம் வாழ்நாளிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

படுக்கையில் வந்த அழைப்பு

1973 சூலை 14 அன்று ரிஷிகேசத்தின் தெருவில், பேருந்தைப் பிடிக்க விரைந்தபோது, அபிஷிக்தானந்தருக்கு மாரடைப்பு வந்தது. விழுந்தவர் பிழைத்தார். ஆனால் மலை ஏறுவதும் பயணம் போவதும் முடிந்துபோயின. எஞ்சிய மாதங்களை இந்தூரில் பிரான்சிஸ்கன் சகோதரிகளின் பராமரிப்பில் கழித்தார். வாழ்நாள் முழுவதும் தேடியதை அந்தத் தெருவில் விழுந்து கிடந்தபோது கண்டதாக நண்பர்களுக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். 1973 டிசம்பர் 7 அன்று இறந்தார். வயது அறுபத்து மூன்று. பீட் கிரிஃபித்ஸுக்கும் 1990 சனவரியில் பக்கவாதம் வந்தது. அதைத் தாயன்பு தம்மை மூழ்கடித்த அனுபவமாக அவர் விவரித்தார். அதன்பின் மூன்று ஆண்டுகள் வாழ்ந்து 1993 மே 13 அன்று சாந்திவனத்தில் கண்மூடினார்.

எல்லா நோயாளிகளுக்கும் இப்படி ஓர் ஒளி கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. வலி வலிதான். ஆனால் இளமையில் நீயே இடைக்கச்சை கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், முதுமையில் வேறொருவர் உன்னைக் கட்டிக் கூட்டிப்போவார் என்ற பொருளில் பேதுருவிடம் பேசிய ஆண்டவர், அதே மூச்சில்தான் தம்மைப் பின்பற்றும்படியும் அழைத்தார் (யோவான் 21). முதுமையைப் பற்றிச் சொன்ன பிறகு வந்த அழைப்பு அது.

நம் நாட்டு மரபு வாழ்வை மாணவப் பருவம், இல்லறம், ஒதுங்கி வாழ்தல், துறவு என நான்காகப் பகுத்தது. அழகான பகுப்புதான். ஆனால் அது ஆண்களை மனத்தில் வைத்தே பேசியது. அதில் அடுக்களையிலிருந்து ஒருபோதும் ஓய்வு பெறாத பெண்ணுக்கு இடம் எது? மகன் சென்னையிலோ துபாயிலோ வேலை பார்க்க, எழுபது வயதில் பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் பாட்டியின் பருவத்துக்குப் பெயர் என்ன? திருச்சபையின் அருளடையாளங்கள் இந்த வகையில் எவரையும் விட்டுவிடுவதில்லை. திருமுழுக்கு, புதுநன்மை, உறுதிபூசுதல், திருமணம் அல்லது குருத்துவம் என வரிசையாக வந்து, படுக்கைவரை நம்மோடு வருகின்றன.

அந்தக் கடைசி அருளடையாளத்தை நம் பெரியவர்கள் "அவஸ்தைபூசுதல்" என்றார்கள். சாமியார் எண்ணெயோடு வந்தால் சாவு நெருங்கிவிட்டது என்று அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் செய்த சீரமைப்புக்குப் பின் இது நோயில்பூசுதல் என்றே வழங்கப்படுகிறது. கடுமையான நோயுற்றவரும் முதுமையால் தளர்ந்தவரும் இதைப் பெறலாம். சாகும் நேரம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீண்டும் பெறவும் தடையில்லை. இந்த மாற்றம் வந்து அரை நூற்றாண்டு கடந்தும், பல வீடுகளில் இன்னமும் பயந்துகொண்டு சாமியாரைக் கூப்பிடாமலேயே இருந்துவிடுகிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2021 முதல் சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர், முதியோர் நாளாக ஏற்படுத்தினார். அந்த ஞாயிறன்றாவது இதைப் பற்றிப் பீடத்திலிருந்து சொல்லலாம்.

முதல் வெள்ளியில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்மை கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். பங்கில் யாருக்காவது செபம் தேவைப்பட்டால் அந்த ஒருவரின் பெயரைச் சொல்லி, "இந்த மாதம் இவருக்காக நீங்கள் செபிக்க வேண்டும்" என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வாருங்கள். தேர்வு எழுதும் பிள்ளையாகவோ, குழந்தைக்காக ஏங்கும் தம்பதியராகவோ, வேலை போன ஒருவராகவோ இருக்கலாம். அடுத்த மாதம் நீங்கள் போகும்போது, உங்கள் கையிலுள்ள நற்கருணைச் சிமிழைத் திறக்குமுன், "அந்தப் பிள்ளை பாஸ் பண்ணிட்டானா?" என்று அவர்களே கேட்பார்கள்.