பாண்டியன் குடித்த யவனத் தேறல் எப்படி இருந்திருக்கும்?

சங்கரன்கோவிலில் யாரிடமாவது "ஒயின் ஷாப் எங்கே இருக்கு?" என்று கேட்டால் உடனே கை காட்டி விடுவார்கள். ஆனால் அந்தக் கடையில் ஒயின் வாங்குகிறவர் எத்தனை பேர்? பிராந்தியும் பீரும்தான் அங்கே வியாபாரம். 2003-ல் தமிழ்நாட்டின் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போன பிறகும் பழைய "ஒயின் ஷாப்" என்ற பெயர் மட்டும் மக்கள் வாயில் அப்படியே நின்று விட்டது.

இப்படி ஒயினுக்கும் தமிழனுக்கும் பெயரளவில்தான் உறவு என்று நினைத்தால் அது தவறு. சுமார் 2000 வருடங்களுக்கு முன்பே, கடல் கடந்து வந்த திராட்சை மதுவைப் பாண்டிய மன்னன் பொன் கிண்ணத்தில் குடித்திருக்கிறான்! அது எந்த ஊர் ஒயின்? எந்தத் திராட்சை? எப்படி ருசித்திருக்கும்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

புலவர் சொன்ன சாட்சி

புறநானூற்றின் 56-வது பாடலை நக்கீரர் பாடியிருக்கிறார். பாட்டுடைத் தலைவன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியன். யவனர் கொண்டு வந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை, வளையல் அணிந்த பெண்கள் பொன் கலத்தில் ஏந்திக் கொடுக்க, நீ தினமும் மகிழ்ந்திரு என்று அவனை வாழ்த்துகிறார் புலவர்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, யவனர் அதைக் கொண்டு வந்த "கலம்" என்ற சொல். தமிழில் கலம் என்றால் கப்பலும் உண்டு, பாத்திரமும் உண்டு. நல்ல கப்பலில் வந்த மது என்றும் படிக்கலாம், நல்ல ஜாடியில் வந்த மது என்றும் படிக்கலாம். இரண்டு பொருளும் வரலாற்றுக்குப் பொருந்தி வருவதுதான் வேடிக்கை.

இரண்டாவது, "தேறல்" என்ற சொல். தேறுதல் என்றால் தெளிதல். கசடு போக வடித்துத் தெளிந்த மதுதான் தேறல். நம் பக்கத்தில் கள்ளை வடிகட்டப் பன்னாடையைத்தான் பயன்படுத்தினார்கள். நல்லதைக் கீழே விட்டு விட்டுக் கசடை மட்டும் பிடித்து வைத்துக் கொள்வதால்தான் அந்தப் பெயர் இன்று திட்டும் வார்த்தையாகி விட்டது!

புலவர் மணத்தையும் குளிர்ச்சியையும் சொன்னார். நிறத்தையும் ஊரையும் சொல்லவில்லை. அதற்கு நாம் வியாபாரிகளின் கணக்கைத்தான் புரட்ட வேண்டும்.

வியாபாரியின் பட்டியல்

கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வியாபாரி எழுதிய கையேடு "எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்". எந்தத் துறைமுகத்தில் எது விற்கும், எதை வாங்கலாம் என்று வரிசையாகச் சொல்லும் நூல். இன்றைய ஏற்றுமதி வழிகாட்டி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

குஜராத் கடற்கரையில் உள்ள பரிகாசா (இன்றைய பரூச்) துறைமுகத்தைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே இத்தாலிய ஒயினுக்குத்தான் முதல் மரியாதை, சிரியாவின் லவோதிக்கேயா ஒயினும் அரேபிய ஒயினும் கூடப் போகும் என்கிறார். அந்நாட்டு மன்னனுக்குத் தரும் பொருள்களில் உயர்ந்த ரக ஒயினும் இடம் பெறுகிறது. அதாவது ஒயின்களை ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் பழக்கம் அன்றைய இந்தியத் துறைமுகத்திலேயே இருந்திருக்கிறது.

நம் பக்கம் என்ன? சேரர்களின் முசிறி, பாண்டியர்களின் நெல்கிண்டா. இரண்டும் இன்றைய கேரளக் கடற்கரையில் இருந்த மிளகுத் துறைமுகங்கள். அங்கே இறங்கும் சரக்கில் முதலிடம் நாணயத்துக்கு. பிறகு துணி, பவளம், கண்ணாடி, செம்பு, தகரம், ஈயம். ஒயினும் உண்டு. ஆனால் அதிகம் இல்லை, பரிகாசாவுக்குப் போகிற அளவுதான் என்று எழுதுகிறார்.

இந்த ஒரு வரி முக்கியமானது. "ரோமர்கள் ஒயினைக் கொடுத்து மிளகை வாங்கினார்கள்" என்று சிலர் சுலபமாகச் சொல்லி விடுகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. மிளகுக்கு எதிரே தட்டில் வைக்கப்பட்டது பெரும்பாலும் பணம். இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சி விடுகிறது என்று ரோம எழுத்தாளர் பிளினி (இறப்பு கி.பி. 79) புலம்பியதும் அதனால்தான். ஒயின் அந்தப் பேரேட்டில் ஒரு சிறிய வரவு மட்டுமே.

அந்தப் பணத்தில் கொஞ்சம் நம் ஊர்ப் பக்கமும் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ரோமானிய நாணயங்கள் கிடைத்த இடங்களின் பட்டியலில், சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் போகும் சாலையில் உள்ள கரிவலம்வந்தநல்லூரும் ஒன்று!

94 நாள் பயணம்

அந்த ஒயின் வந்த வழியையும் கொஞ்சம் பார்ப்போம். பிளினி தரும் கணக்கு இது:

1. அலெக்சாந்திரியா அருகில் இருந்து நைல் நதியில் கோப்டோஸ் வரை 12 நாள்.
2. அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் வழியாகச் செங்கடல் துறைமுகமான பெரனிகே வரை 12 நாள்.
3. பெரனிகேயில் இருந்து செங்கடலின் வாயிலில் உள்ள ஓகேலிஸ் வரை சுமார் 30 நாள்.
4. அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் முசிறி வரை 40 நாள்.

மொத்தம் 94 நாள். இதற்கு முன்னால் இத்தாலியில் இருந்தோ கிரேக்கத் தீவுகளில் இருந்தோ எகிப்துக்கு வரும் நாட்கள் தனி.

பெரனிகேயில் நடந்த அகழாய்வில், உடைந்த பானை ஓடுகளில் மையால் எழுதிய சுங்கச் சீட்டுகள் கிடைத்துள்ளன. இவர் இத்தனை ஜாடி கொண்டு போகிறார், விடுங்கள் என்ற மாதிரியான அனுமதிச் சீட்டுகள். அவற்றில் இத்தாலிய ஒயின், லவோதிக்கேயா ஒயின், அமினேய ஒயின் என்று ரகங்கள் தனித்தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. இந்த அமினேயம் என்பது ஊர்ப் பெயர் அல்ல, திராட்சை இனத்தின் பெயர். இத்தாலியத் திராட்சை இனங்களில் இதற்குத்தான் முதலிடம் என்று பிளினி எழுதியிருக்கிறார். இன்று அந்தப் பெயரில் திராட்சை எதுவும் கடையில் கிடைக்காது.

அரிக்கமேட்டின் உடைந்த ஜாடிகள்

சரி, நம் மண்ணில் கிடைத்த சாட்சி என்ன? புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே இரண்டு கைப்பிடி கொண்ட, அடி கூம்பிய "ஆம்போரா" ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் தோண்டினார்கள். எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர் அந்த ஜாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

அவர் கண்டது என்ன தெரியுமா? பெரும்பங்கு ஜாடிகள் கோஸ் என்ற கிரேக்கத் தீவின் வகையைச் சேர்ந்தவை. இரண்டு குச்சிகளைச் சேர்த்து ஒட்டியது போன்ற கைப்பிடிதான் அதன் அடையாளம். சில துண்டுகள் ரோமப் பேரரசு உருவாவதற்கும் முந்தையவை என்று அவர் கணித்தார். இத்தாலியின் கம்பானியா பகுதி ஜாடிகளும் இருந்தன. கேரளத்தில் 2007 முதல் தோண்டப்பட்ட பட்டணம் என்ற ஊரிலும் கம்பானியா ஜாடிகள் கிடைத்தன. வெசுவியஸ் எரிமலையின் கருமணல் அந்த மண்ணில் கலந்திருப்பதால் ஊரைச் சுலபமாகக் கண்டுபிடித்து விடலாம்.

ஆக, தமிழகக் கரையில் இறங்கிய ஒயின்களில் கோஸ் ஒயினும் கம்பானியா ஒயினும் முக்கியமானவை என்று சொல்லலாம். இனி இவை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதல் கிண்ணம்: உப்பு ஒயின்

கோஸ் தீவு ஒயினில் கடல் நீர் கலப்பார்கள்! படிக்கும்போதே முகம் சுளிக்கிறதா? ஆனால் அதற்கு ரோமில் நல்ல கிராக்கி. கி.மு. 2-ம் நூற்றாண்டில் காட்டோ என்ற ரோமர் தன் விவசாய நூலில் கோஸ் ஒயினை வீட்டிலேயே செய்வது எப்படி என்று குறிப்பு எழுதும் அளவுக்கு மவுசு. கரையோரத் தண்ணீர் ஆகாது, ஆழ்கடலில் இருந்து தெளிந்த நீரை எடுக்க வேண்டும், அறுவடைக்கு 70 நாள் முன்பே எடுத்து வைக்க வேண்டும் என்றெல்லாம் விதி.

இது எப்படித் தொடங்கியது என்பதற்குப் பிளினி ஒரு கதை சொல்கிறார். ஓர் அடிமை, தான் அளந்து கொடுக்க வேண்டிய அளவு குறைந்ததால், திருட்டுத்தனமாகக் கடல் நீரை ஊற்றி நிரப்பினானாம். அந்தக் கலப்படமே பிடித்துப் போய் ஊர் வழக்கமாகி விட்டதாம். இதையே வெள்ளைத் திராட்சைச் சாற்றில் செய்தால் அதற்கு "லியூகோகோவும்" என்று பெயர். வெள்ளைக் கோஸ் என்று அர்த்தம். கலப்படம் பிராண்டாக மாறிய முதல் உதாரணம் இதுதானோ என்னவோ!

உப்பு சேர்ந்தால் மது சீக்கிரம் கெடாது. 94 நாள் வெயிலிலும் கடலிலும் வர வேண்டிய சரக்குக்கு அது ஒரு பாதுகாப்பு. அரிக்கமேட்டில் கோஸ் ஜாடிகள் அதிகம் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது கிண்ணம்: எரியும் ஒயின்

கம்பானியாவின் பெருமை ஃபலேர்னியன். இது வெள்ளைத் திராட்சையான அமினேயத்தில் செய்யப்பட்டது என்பது பொதுவான கருத்து. பல வருடம் வைத்திருந்தால் பொன்னிறமாக மாறும். கரடு, இனிப்பு, மென்மை என்று மூன்று வகை உண்டு என்கிறார் பிளினி. ஒயின்களிலேயே தீப்பற்றக் கூடியது இது ஒன்றுதான் என்றும் எழுதுகிறார். அவ்வளவு கடுமை!

விலையும் அப்படித்தான். பாம்பேய் நகரத்து மதுக்கடைச் சுவர் ஒன்றில் விலைப் பட்டியல் எழுதியிருக்கிறது. சாதா மது 1 காசு, நல்ல மது 2 காசு, ஃபலேர்னியன் 4 காசு. உள்ளூரிலேயே நான்கு மடங்கு விலை என்றால், கடல் கடந்து மதுரை வந்து சேரும்போது என்ன விலை இருந்திருக்கும்? அதுவும் ரோமானிய எகிப்தில் இந்தியச் சரக்கு உள்ளே வரும்போது 25 சதவீதம் வரி போட்ட காலம் அது.

இன்று அதே மலைச்சரிவில் ஃபலாங்கினா என்ற, அதிகம் பேர் கேள்விப்படாத வெள்ளைத் திராட்சையில் "ஃபலேர்னோ" என்ற பெயரிலேயே ஒயின் செய்கிறார்கள். ஆனால் பழைய அமினேயமும் இன்றைய ஃபலாங்கினாவும் ஒன்றுதான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பெயர் தங்கி விட்டது, ருசி போய் விட்டது.

ஒரு திருத்தம்

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்தியாவில் ஜாடித் துண்டு கிடைத்தாலே "ரோமானிய ஒயின்" என்று எழுதி விடும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. ராபர்ட்டா டாம்பர் என்ற ஆய்வாளர் பல இடங்களின் துண்டுகளை மறுபடியும் எடுத்துப் பார்த்து, அவற்றில் பல ரோமானியவையே அல்ல, மெசபடோமியாவில் இருந்து வந்த "டார்பிடோ" ஜாடிகள் என்று 2007-ல் எழுதினார். ரோமானிய ஒயின் ஜாடிக்குள் மரப்பிசின் பூசியிருப்பார்கள். இவற்றின் உள்ளே பூசியிருந்தது நிலக்கீல். ஆகவே நம் பெருமையைக் கொஞ்சம் பன்னாடையில் வடிகட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கிண்ணம்

பாண்டியனின் பொன் கிண்ணத்தில் யவனத் தேறல் இருந்தபோது, மற்றவர்கள் என்ன குடித்தார்கள்? பனங்கள்ளும், தென்னங்கள்ளும், அரிசியில் செய்த தோப்பியும். கள் காலையில் இனிக்கும், மாலையில் புளிக்கும், விட்டால் காடியாகி விடும். அதைக் கப்பலில் ஏற்ற முடியாது, வருடக் கணக்கில் வைத்து விலையேற்ற முடியாது. யவன மதுவுக்குக் கிடைத்த மதிப்பில் பாதி அதன் ருசிக்கு என்றால், மீதி அது கெடாமல் தூரம் வந்ததற்கு.

சங்கரன்கோவில் பக்கம் கரிசல் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் இன்றும் பனை நிற்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. பதநீர் மட்டும் இறக்கலாம். கோஸ் தீவின் உப்பு ஒயின் எப்படிச் செய்வது என்று காட்டோ எழுதி வைத்ததால் 2100 வருடம் கழித்தும் நாம் அதைப் பற்றிப் பேசுகிறோம். எந்தப் பனையின் கள் எந்த மாதத்தில் எப்படி ருசிக்கும் என்பது பனையேறிகளுக்குத் தெரியும். அதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

யவனத் தேறலின் ருசியை இனி யாராலும் திரும்பக் கொண்டு வர முடியாது. அதைச் செய்த திராட்சையின் பெயர் மட்டும் ஒரு பானை ஓட்டில் மிச்சம் இருக்கிறது. நம் ஊர் ருசிக்கு அந்த ஓடாவது மிஞ்சட்டும். பனையேறும் தாத்தாக்கள் இருக்கும் வீடுகளில், இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் போய் உட்காரலாம்.