நசுங்கிய தகடு சொல்லும் கணக்கு

நம் கார் நிறுத்துமிடத்தில் போன மாதம் முகப்பு நசுங்கிய ஒரு வண்டி நின்றதைப் பார்த்திருப்பீர்கள். நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியது. "நாற்பதில்தான் வந்தேன் சார்" என்றார் நண்பர். ஆனால் பெல்ட் போடாமல் பின்சீட்டில் இருந்த அவருடைய அம்மாவுக்குக் கை முறிந்துவிட்டது. நாற்பதுக்கு இவ்வளவா?

மோதலின் கடுமையை ஆராய்பவர்கள் வண்டி வந்த வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. மோதிய நொடியில் வேகம் எவ்வளவு மாறியது என்று பார்க்கிறார்கள். அதற்கு 'டெல்டா-வி' என்று பெயர். நாற்பதில் வரும் கார், நிற்கும் அதே எடைக் கார் மீது மோதி இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் மாற்றம் 20தான். கனமான லாரி என்றால் ஏறக்குறைய நாற்பதும் போய்விடும்.

இந்தச் சிந்தனைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஹியூ டிஹேவன் என்ற அமெரிக்கர். 1917இல் விமானப் பயிற்சியின்போது நடுவானில் மோதி விழுந்தும் பிழைத்தார். அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. தன் வயிற்றுக் காயங்களுக்குப் பெல்ட்டின் கொக்கியே காரணம் என்று முடிவுக்கு வந்தார். 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர்களைப் பற்றி 1942இல் கட்டுரை எழுதினார். விழுந்த இடம் சில அங்குலம் அமுங்கிக் கொடுத்தாலே உயிர் தப்பலாம் என்பது அதில் தெரிந்தது. பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய ஆராய்ச்சி கார் விபத்துகளுக்கும் விரிந்தது.

1970களில்தான் கணக்கு கைகூடியது. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் கென்னத் கேம்பல், தகடு எவ்வளவு ஆழம் நசுங்கியது என்பதிலிருந்து அது விழுங்கிய ஆற்றலைக் கணிக்கும் முறையை 1974இல் வெளியிட்டார். பஃபலோ நகரின் கால்ஸ்பான் ஆய்வகத்தில் ரேமண்ட் மெக்ஹென்றி 'க்ராஷ்' என்ற கணினி நிரலை உருவாக்கினார். பள்ளத்தைப் பல இடங்களில் அளந்து, வண்டியின் எடையையும் கொடுத்தால் டெல்டா-வி வந்துவிடும். இறுதி இருப்பை வைத்துப் பின்னோக்கி வவுச்சர் தேடிய எங்கள் வங்கி வேலை மாதிரியேதான்!

தரையில் உள்ள டயர் தேய்ப்பும் ஒரு சாட்சி. காய்ந்த தார்ச் சாலையில் சக்கரம் பூட்டி 20 மீட்டர் இழுத்து நின்ற வண்டி, சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கும்.

இப்போது ஏர்பேக் உள்ள பல கார்களில் ஒரு கருவியே அந்த மாற்றத்தைப் பதிவு செய்கிறது. அமெரிக்காவில் இரண்டையும் ஒப்பிட்டபோது, நசுங்கல் கணக்கு பெரும்பாலும் குறைத்தே சொல்லியிருந்தது. அதாவது, லேசான மோதல் என்று எழுதிவைத்த பலவும் அவ்வளவு லேசானவை அல்ல.

நண்பரின் வண்டியை டேப் வைத்து அளக்க ஆசைதான். மாடியிலிருந்து அவருடைய அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இன்னும் மாவுக்கட்டு. திரும்பி வந்துவிட்டேன்.