மால்மோ 1977: லேனே கோப்பனும் ‘உலக’ சாம்பியன் என்ற பட்டமும்

1980 மார்ச்சில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் பிரகாஷ் படுகோன் இந்தோனேசியாவின் லீம் சுவீ கிங்கை வீழ்த்தியதை இந்திய விளையாட்டு வரலாறு மறக்கவில்லை. அதே ஆல் இங்கிலாந்துப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் பட்டம் வென்றவரை இங்கே நினைவுகூர்வோர் அரிது. அவர் டென்மார்க்கின் லேனே கோப்பன். அடுத்தடுத்த இரண்டாம் ஆண்டாக அவர் அப்பட்டத்தைக் கைக்கொண்டார்.

டென்மார்க்கிற்கு இது நெடுங்காலம் கழித்துக் கிடைத்த பெருமை. 1949 முதல் 1953 வரை ஆசே ஷியட் ஜேக்கப்சன், டோனி ஆம், மேரி உஸ்ஸிங் ஆகிய டேனியப் பெண்களே ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தைத் தம்முள் பகிர்ந்துகொண்டிருந்தனர். 1954இல் அமெரிக்காவின் ஜூடி டெவ்லின் வந்ததும் அக்காலம் முடிவுற்றது. 1979இல் கோப்பன் வெல்லும்வரை இருபத்தைந்து ஆண்டுகள் எந்த டேனியப் பெண்ணும் அப்பட்டத்தைப் பெறவில்லை.

ஆயினும் கோப்பனின் பெயர் வரலாற்று நூல்களில் நிலைத்தது வேறொரு காரணத்தால். 1977 மே மாதம் சுவீடனின் மால்மோ நகரில், பன்னாட்டு இறகுப்பந்துக் கூட்டமைப்பு முதன்முறையாக உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியது. கோபன்ஹேகனில் பிறந்த கோப்பனுக்கு மால்மோ ஏறத்தாழ அண்டை ஊர். நடுவே ஊரசுண்ட் நீரிணை மட்டுமே. பெண்கள் ஒற்றையர் இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் கில்லியன் கில்க்ஸை வென்றார். ஸ்டீன் ஸ்கோவ்கார்டுடன் இணைந்து கலப்பு இரட்டையரிலும் வென்றார். அங்கும் வலையின் மறுபுறம் டெரெக் டால்பட்டுடன் நின்றவர் கில்க்ஸ்தான். ஆண்கள் ஒற்றையரில் ஃப்ளெமிங் டெல்ஃப்ஸ் வென்றதையும் சேர்த்தால், ஐந்து பட்டங்களில் மூன்று டென்மார்க்கைச் சேர்ந்தன. கோப்பனுக்கு அப்போது வயது 24.

இங்கேதான் வரலாற்று மாணவர் சற்று நிதானிக்க வேண்டும். ‘உலக’ என்னும் அடைமொழி எந்த உலகைக் குறித்தது? 1934இல் ஒன்பது உறுப்பு நாடுகளுடன் தோன்றிய அக்கூட்டமைப்பில் 1977இல் சீனா இல்லை. சீன ஆட்டக்காரர்களின் வலிமை டேனியர்களுக்குத் தெரியாததன்று. 1965இல் டென்மார்க்கில் சுற்றுப்பயணம் செய்த சீன அணி அங்குள்ள முன்னணி ஆட்டக்காரர்களைத் தோற்கடித்துச் சென்றிருந்தது. 1978இல் போட்டி அமைப்பாக ஒரு உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பு உருவாகித் தனக்கென உலகப் போட்டிகளையும் நடத்தியது. 1981இல் இரு அமைப்புகளும் இணையும்வரை ‘உலக சாம்பியன்’ என்ற பெயருக்கு இரண்டு வாசல்கள் இருந்தன.

இதைக் காட்டிக் கோப்பனின் பட்டத்தைக் குறைத்து மதிப்பிடும் போக்கு எளிது, நியாயமன்று. உறுப்பினர் தகுதி குறித்த பூசலை எந்த ஆட்டக்காரரும் தீர்மானிக்கவில்லை. கூட்டமைப்பின் அரங்கிலும் ஜப்பானியரும் இந்தோனேசியரும் ஆங்கிலேயரும் கடும் எதிராளிகளாகவே இருந்தனர். சொல்லத்தக்கது இவ்வளவே: அரசியல் வரைந்த எல்லைக்குள் அவர் முதலிடத்தில் நின்றார், அவ்வெல்லைக்கு அப்பால் அவரைச் சோதிக்கும் வாய்ப்பு உரிய பருவத்தில் அவருக்கோ சீனப் பெண்களுக்கோ வழங்கப்படவில்லை. இழப்பு இரு தரப்புக்கும் பொதுவானது. மால்மோவில் ஆட முடியாமற்போன சீன வீராங்கனைகளின் பெயர்கள் மேலை நாட்டு ஏடுகளில் இன்றும் அரிதாகவே தென்படுகின்றன என்பது இதனினும் பெரிய குறை.

அவர் ஆடிய காலத்தின் பொருளியலும் கவனத்திற்குரியது. பரிசுப்பணம் கொண்ட திறந்த போட்டிகள் 1970களின் இறுதியில்தான் தலைகாட்டின. கோப்பனின் தொழில் பல் மருத்துவம். உலகப் பட்டம் வென்ற ஒருவர் வாழ்க்கைக்கு வேறொரு தொழிலை நம்பியிருந்தது அன்றைய வழக்கம், விதிவிலக்கு அன்று. பதக்கமும் அவ்வாறே: இறகுப்பந்து 1972 மியூனிக்கில் காட்சி ஆட்டமாக வந்துபோனது, 1992 பார்சிலோனாவில்தான் முழு உரிமையுடன் ஒலிம்பிக்கில் நுழைந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்குள் கோப்பனின் பொற்காலம் தொடங்கி முடிந்துவிட்டது. ஒலிம்பிக் பதக்கங்களை எண்ணி மேன்மையை அளக்கும் இன்றைய பட்டியல்களில் அவர் காணப்படாமைக்கு இதுவே காரணம். 1998இல் கூட்டமைப்பு தன் புகழ்க்கூடத்தில் அவரைச் சேர்த்தது.

1981 ஆல் இங்கிலாந்து இறுதியாட்டத்தில் தென் கொரியாவின் ஹ்வாங் சுன் ஏ கோப்பனை வீழ்த்தினார். அடுத்த ஆண்டு அப்பட்டம் சீனாவின் ஜாங் ஐலிங்கிடம் சென்றது. 1983இல் உலகச் சாம்பியன் போட்டி கோப்பனின் சொந்த ஊரான கோபன்ஹேகனுக்கே வந்தபோது, பெண்கள் ஒற்றையர் இறுதியாட்டத்தில் மோதிய லி லிங்வெய், ஹான் ஐபிங் இருவரும் சீனர்கள்.

கிர்ஸ்டன் லார்சன் 1987இல் ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை டென்மார்க்கிற்கு மீட்டார். உலகப் பட்டத்திற்கோ அந்நாடு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அதே கோபன்ஹேகனில் கமில்லா மார்ட்டின் இறுதியாட்டத்தில் வென்றது சீனாவின் டாய் யுன்னை.